எஃப்எல்எக்ஸ்4: ஜங்கிள் போட ஆரம்பிப்பவருக்கு இந்தப் பெட்டி தேறுமா?

மடிக்கணினியில் இருக்கும் பாட்டுகளைக் கலந்து போடுவதற்கான டிஜே கன்ட்ரோலர், பயனியர் டிஜேயின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4. நல்ல பெட்டிதான், அதில் சந்தேகம் இல்லை. 2023 ஜனவரியில் வந்ததிலிருந்து, டிஜே ஆக ஆசைப்படுகிறவர் யாரிடம் போய்க் கேட்டாலும் முதலில் இதன் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அப்படிச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் ஹவுஸ் போடுகிறவர்கள், டெக்னோ போடுகிறவர்கள், இல்லையென்றால் கல்யாண மண்டபத்தில் சினிமாப் பாட்டு போடுகிறவர்கள். நான் போட ஆசைப்பட்டது ஜங்கிள் என்ற வேகமான நடன இசை. அதிலும் 1992 முதல் 96 வரை வந்த பழைய ஜங்கிள். அந்த இசைக்கு இந்தப் பெட்டி எப்படி என்று தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கிழக்கு லண்டனில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ஷிஃப்ட் வேலை. ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் மாடியில் அறை. கீழே வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்து அண்ணை. வயது நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. லண்டனில் ரேவ் என்ற விடிய விடிய நடனக் கூட்டங்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் நான் கும்பகோணத்தில் அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ஆகவே 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று பெருமூச்சு விட எனக்கு உரிமை இல்லை. இசை பிடித்தது, கற்றுக்கொள்ள நினைத்தேன், அவ்வளவுதான்.

ஜங்கிள் தெரியாதவர்களுக்கு: நிமிடத்துக்கு 160 அடிக்கு மேல் ஓடும் டிரம்ஸ், அதன் அடியில் பாதி வேகத்தில் ஆடி அசைந்து வரும் ரெகே பாஸ். இரண்டும் ஒரே பாட்டில். டிரம்ஸில் பெரும்பகுதி ஒரே ஒரு இடத்திலிருந்து வெட்டி எடுத்தது. 1969-இல் வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு வெளியிட்ட 'ஆமென், பிரதர்' பாட்டின் நடுவில், கிரிகரி கோல்மன் என்ற டிரம்மர் நாலு பார் (ஒரு பார் என்றால் நாலு அடி) தனியாக வாசிப்பார். ஏழு வினாடி இருக்கும். அதைச் சாம்ப்ளர் என்ற, ஒலித்துண்டைப் பதிந்து வாசிக்கும் கருவியில் ஏற்றி, வேகம் கூட்டி, துண்டு துண்டாக நறுக்கி, வேறு வரிசையில் கோத்து ஆயிரக்கணக்கில் பாட்டு செய்தார்கள். கோல்மனுக்கு ஒரு காசு வரவில்லை; 2006-இல் இறந்துபோனார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-இல் ரசிகர்கள் வசூல் செய்து 24,000 பவுண்டு அனுப்பினார்கள். ஒரு முழு இசை வகையே அந்த ஏழு வினாடியின் மேல் நிற்கிறது என்பதை நினைத்தால் அது பெரிய தொகை இல்லை.

இந்த இசை பிறந்தது என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில்தான். ஃபாரஸ்ட் கேட்டில், செபர்ட் ரோட்டில், டி அண்டர்கிரவுண்ட் என்று ஒரு ரெக்கார்டு கடை இருந்தது. 1991-இல் வந்த லென்னி டி ஐஸின் 'வீ ஆர் ஐ.இ.' பாட்டுக்கும் அந்தக் கடைக்கும் நேரடித் தொடர்பு. முதல் ஜங்கிள் பாட்டு எது என்ற சண்டையில் அடிக்கடி அடிபடுகிற பெயர் அது. 2024-இல் காலமான டிஜே ராண்டால் அந்தக் கடையைச் சேர்ந்தவர். இரண்டு பாட்டை மாற்றுவதோடு நிற்காமல், இரண்டையும் நெடுநேரம் ஒன்றாக ஓட்டி மூன்றாவது பாட்டாகக் காட்டுவதில் மன்னன். நான் கற்றுக்கொள்ள நினைத்ததும் அதைத்தான். பெட்டியை எடைபோடும்போதும் என் மனதில் இருந்த கேள்வி ஒன்றே: இரண்டு ஜங்கிள் பாட்டை ஒரு நிமிடம் சேர்த்து ஓட்ட இது கைகொடுக்குமா?

பெட்டியின் விவரம் சுருக்கமாக. இரண்டு டெக், அதாவது ஆளுக்கொரு பாட்டை ஓட்டும் இரண்டு பக்கம்; நடுவில் அவற்றைக் கலக்கும் இரண்டு சேனல் மிக்ஸர். எடை 2.1 கிலோ. மடிக்கணினியில் யுஎஸ்பி-சி வயரால் இணைத்தால் மின்சாரமும் அதிலேயே வந்துவிடும். தனியாக அடாப்டர் தேவையில்லை. பக்கத்துக்கு எட்டு பேட், அதாவது விரலால் தட்டும் ரப்பர் பட்டன். ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ டிஜே லைட் இரண்டு மென்பொருளோடும் வேலை செய்யும். மொபைலோடும் இணையும், புளூடூத்திலும்கூட. நான் ஒருமுறைகூட அப்படி உபயோகிக்கவில்லை. டிஜே வேலையை மொபைல் திரையில் பார்ப்பதற்கு என் கண் ஒத்துழைக்காது. விலை, நான் வாங்கியபோது 300 பவுண்டுக்குள் முடிந்தது.

இதை விற்கிறவர்கள் முன்னிறுத்துவது இரண்டு விஷயம்: ஸ்மார்ட் ஃபேடர், ஸ்மார்ட் சிஎஃப்எக்ஸ். ஸ்மார்ட் ஃபேடரைப் போட்டுவிட்டு, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கட்டையான ஃபேடரை நகர்த்தினால், ஒரு பாட்டின் வேகத்தை இன்னொன்றின் வேகத்துக்கு அதுவே கொண்டுபோகும், பாஸை அதுவே மாற்றும், எக்கோ சேர்த்து அதுவே முடித்து வைக்கும். நீங்கள் கையை மட்டும் நகர்த்தினால் போதும். விருந்தில் பாட்டு போடுகிறவருக்கு இது வரப்பிரசாதம். தொண்ணூறில் இருக்கும் பாட்டிலிருந்து நூற்றிருபதுக்குத் தாவலாம், யாருக்கும் தெரியாது. ஜங்கிளுக்கு இதனால் பைசா பிரயோசனம் இல்லை. எல்லாப் பாட்டும் ஏறக்குறைய ஒரே வேகம். தாண்ட வேண்டிய பள்ளமே கிடையாது. பாஸை எப்போது மாற்றுவது என்பதில்தான் ஜங்கிள் டிஜேயின் கைவேலையே இருக்கிறது. அதைப் பெட்டியிடம் கொடுத்துவிட்டு நான் என்ன செய்வது, கைகட்டி நிற்பதா? அந்த பட்டனை ஆரம்பத்திலேயே அணைத்தேன், அணைந்தே கிடக்கிறது. ஸ்மார்ட் சிஎஃப்எக்ஸ் பரவாயில்லை. ஒரே திருகில் பல எஃபெக்ட் சேர்ந்து வரும். அதையும் அணைத்துவிட்டுச் சாதாரண ஃபில்டராக வைத்துக்கொண்டால் இன்னும் உபயோகம்.

அப்புறம் சிங்க் பட்டன், அதாவது இரண்டு பாட்டின் வேகத்தையும் அடியையும் தானாக ஒன்றாக்கும் பட்டன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் 'சிங்க் இருக்கும்போது காதால் எதற்கு பீட் சேர்க்கணும்?' என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கணினியில் செய்த புதிய பாட்டு என்றால் வேகம் இம்மி பிசகாமல் ஓடும். மென்பொருள் அதன்மேல் கோடு போட்டு, அதாவது பீட் கிரிட் போட்டு, சரியாகப் பிடித்துவிடும். சிங்க்கை அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும். பழைய ஜங்கிளில் அப்படி நடக்காது. இன்று கிடைக்கிற ஃபைல்களில் பல, முப்பது வருடத்துக்கு முந்தைய வினைல் தட்டைச் சுழலவிட்டு அதிலிருந்து பதிவு செய்தவை. தட்டு சுழலும் வேகத்தில் மயிரிழை ஆட்டம் இருக்கும். சில பாட்டுகளில் நடுவே டிரம்ஸை முழுக்க நிறுத்திவிட்டு ஒற்றைக் குரலை மட்டும் விடுவார்கள். சிலவற்றில் ஆமென் துண்டுகளை அடி எது, எதிரடி எது என்று தெரியாதபடி சிதறடித்திருப்பார்கள். எந்த மென்பொருளாக இருந்தாலும் அந்த இடத்தில் திணறும். இன்னொன்று: பாஸ் பாதி வேகத்தில் போவதால் 165-இல் ஓடும் பாட்டை 82.5 என்று எழுதி வைக்கும்.

இதற்கு ஓரளவு வைத்தியம் உண்டு. ரெக்கார்ட்பாக்ஸில் பாட்டை அலசுவதற்கு முன்னால், வேகத்தின் எல்லையை 98 முதல் 195 வரை என்று அமைத்துவிடுங்கள். பாதி வேகம் காட்டுவது பெரும்பாலும் நின்றுவிடும். வேகம் ஆடுகிற பாட்டுக்கு, நார்மல் என்று இருப்பதை டைனமிக் என்று மாற்றி மறுபடி அலசச் சொல்லலாம். அப்படியும் ஒத்துவராத பாட்டுகள் நிறைய இருக்கும். அங்கே காதைத் தவிர வேறு வழி கிடையாது.

காதால் சேர்ப்பது ஹவுஸைவிட இங்கே ஏன் கஷ்டம் என்பதற்குச் சின்னக் கணக்கு. 165 வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 364 மில்லி வினாடி. ஆமென் பிரேக்கில் அந்த இடைவெளியை நாலாகப் பிரித்து அடி விழும், ஒன்றுக்கு 91 மில்லி வினாடி. இரண்டு பாட்டுக்கும் வேகத்தில் வெறும் 0.1 வித்தியாசம் இருந்தால்கூட, ஒரு நிமிடத்தில் 36 மில்லி வினாடி விலகிவிடும். ஹவுஸில் மொத்தையான கிக் டிரம் அதை ஓரளவு மூடி மறைக்கும். ஜங்கிளில் ஒவ்வொரு ஸ்னேரும் இரட்டையாகக் கேட்கும், கடகடவென்று குப்புற விழும். டிஜேக்கள் இதை டிரெயின்ரெக் என்பார்கள்.

ஆக, நமக்கு முக்கியமாக வேண்டியது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரும், தட்டைப்போலச் சுழலும் ஜாக் வீலும். எஃப்எல்எக்ஸ்4-இன் ஜாக் வீலுக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். ஓரத்தை விரலால் லேசாகத் தள்ளினால் பாட்டு கொஞ்சம் முந்தும், பின்னால் இழுத்தால் பிந்தும். எவ்வளவு தள்ளினோமோ அவ்வளவுதான் நகர்கிறது. மேல்தட்டைத் தொட்டால் வினைலைப் பிடித்ததுபோலப் பாட்டு நிற்கும். ரீவைண்டுக்கு இது அவசியம். நல்ல டிராப், அதாவது டிரம்ஸும் பாஸும் மொத்தமாக இறங்கும் இடம், வந்து கூட்டம் கத்தினால், பாட்டைப் பின்னால் இழுத்து மறுபடி முதலிலிருந்து போடுவது ஜமைக்கா சவுண்ட் சிஸ்டத்திலிருந்து ஜங்கிளுக்கு வந்த வழக்கம். என் அறையில் கூட்டமும் இல்லை, கத்துவாரும் இல்லை. இருந்தாலும் இழுத்துப் பார்ப்பேன்.

வேக ஸ்லைடர் சுமார்தான். நீளம் போதவில்லை. எல்லையை 10 சதவீதம் என்று வைத்தால், 165-இல் ஓடும் பாட்டுக்கு மேலும் கீழுமாக 33 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி என்ற அளவு) வித்தியாசம் அந்தச் சின்னப் பாதைக்குள் அடங்க வேண்டும். நகம் பட்டாலே வேகம் மாறுகிறது. எல்லையை 6 சதவீதத்துக்குக் குறைத்தால் மொத்தம் 20 பிபிஎம்தான், கைக்கு அடங்குகிறது. ஜங்கிள் பாட்டுகளுக்குள் வேக வித்தியாசம் குறைவு என்பதால் 6 சதவீதமே போதும். ஆனால் 92-இல் வந்த ஹார்ட்கோர் (ஜங்கிளுக்கு முந்தைய ரேவ் இசை) பாட்டையும் 96-இல் வந்ததையும் சேர்க்க நினைத்தால் திரும்ப 10-க்குப் போக வேண்டியிருக்கும். டெக்னிக்ஸ் 1210 தட்டுச்சுழலியில் 8 சதவீதம்தான் எல்லை, ஆனால் ஸ்லைடர் நீளம். அந்தச் சுகம் இதில் இல்லை.

பயிற்சிக்கு நான் கண்ட வழி: திரையில் பாட்டின் அலைவடிவம் ஓடும் இடத்தை ஒரு பழைய காலண்டர் அட்டையால் மறைத்துவிடுவது. அலைவடிவம் கண்ணில் பட்டால் காது வேலை செய்ய மறுக்கிறது. பிபிஎம் எண்ணையும் மறைத்துவிடுங்கள். கொஞ்ச நாள் நரகமாக இருக்கும். பிறகு ஒரு நாள், ஹெட்ஃபோனில் ஓடுவது முந்துகிறதா பிந்துகிறதா என்பது யோசிக்காமலே தெரியும்.

அடுத்தது எண்ணிக்கை. ஜங்கிள் பாட்டும் மற்ற நடன இசைபோல 16 பார், 32 பார் என்று பகுதி பகுதியாகத்தான் கட்டியிருக்கும். ஒரு பாட்டின் டிராப் இன்னொரு பாட்டின் டிராப்போடு ஒரே நொடியில் விழ வேண்டும் என்றால், இரண்டாவது பாட்டை எங்கே ஆரம்பிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். ஹவுஸில் 125 வேகத்துக்கு 32 பார் ஓடி முடிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். இங்கே 165-இல் 46 வினாடி. அதற்குள் அடுத்த பாட்டைத் தேடி, வேகம் சேர்த்து, பாஸை அடக்கி, ஃபேடரை ஏற்ற வேண்டும். சிறு வயதில் என்னை ஒரு வருடம் பாட்டு வகுப்புக்கு அனுப்பினார்கள். குரல் தேறவில்லை, ஆனால் ஆதி தாளம் கையில் தங்கிவிட்டது. நாலு அடி கொண்ட 32 பார் என்றால் 128 அடி, ஆதி தாளத்தில் 16 ஆவர்த்தனம். 165 வேகத்துக்குத் தொடையில் தாளம் போட்டால் கை கழன்றுவிடும். அதனால் டிரம்ஸை விட்டுவிட்டு பாஸோடு போகிறேன்: பாதி வேகம், 8 ஆவர்த்தனம், நிதானமாக எண்ணலாம். இங்கே இளவட்டங்கள் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணித் தவிப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பாட்டு டீச்சர்மேல் மரியாதை கூடுகிறது.

பேட்கள் இந்த வேலைக்கு உதவும். பாட்டு தொடங்கும் அடி, டிராப்புக்கு 32 பார் முன், 16 பார் முன், டிராப் என்று நாலு இடத்தில் ஹாட் க்யூ, அதாவது தட்டியதும் அங்கே தாவும் அடையாளம், வைத்துவிட்டால் பாதி பாரம் குறையும். ரப்பர் மெத்தென்று இருக்கிறது, அடித்தால் சொன்ன நேரத்தில் பேசுகிறது. பீட் ஜம்ப் இன்னும் நல்லது: பாட்டை 16 பார் முன்னால் தள்ளி, நீளமான இன்ட்ரோவைத் தாண்டிவிடலாம். பழைய பாட்டுகளில் ஒன்றரை நிமிடம் வெறும் காற்று, மழை, வானொலிப் பேச்சு என்று போகிற இன்ட்ரோ சாதாரணம்.

இனி பாஸ். ஒரு சேனலுக்கு ஹை, மிட், லோ என்று மூன்று குமிழ். லோவை முழுக்க இடப்பக்கம் திருகினால் பாஸ் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது, அதுவே எனக்கு வேண்டியது. இரண்டு ஜங்கிள் பாஸை ஒரே நேரத்தில் விட்டால் சேறு. ஒன்றின் லோவை மூடி வைத்து, டிராப்பின் முதல் அடியில் அதைத் திறந்து மற்றதை மூடுவது, அதையும் ஒரே நொடியில் இரண்டு கையாலும் செய்வது, இந்தக் கலையின் முக்கால்வாசி. குமிழ்கள் ஒன்றுக்கொன்று போதிய இடைவெளியில் இருக்கின்றன, என் தடித்த விரலுக்கும் இடிக்கவில்லை. குமிழில் நல்ல இறுக்கம், தானாக நழுவுவதில்லை.

ஆனால் அந்த பாஸ் உங்களுக்குக் கேட்டால்தானே? ஜங்கிள் பாஸில் பெரும்பகுதி 40 முதல் 60 ஹெர்ட்ஸில் இருக்கிறது. மடிக்கணினி ஸ்பீக்கரில் அது வரவே வராது. அதில் பழகினால் டிரம்ஸை மட்டும் வைத்து மிக்ஸ் செய்யக் கற்றுக்கொண்டு, நல்ல ஸ்பீக்கர் உள்ள இடத்தில் மானம் போகும். காதை மூடும் நல்ல ஹெட்ஃபோன் முதலில் வாங்குங்கள், ஸ்பீக்கர் அப்புறம். புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம். ஒலி தாமதமாக வரும், பீட் சேர்க்க முடியாது. நான் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தால் ஹெட்ஃபோன்தான். ஒரு விடுமுறை நாளில் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அண்ணை படியேறி வந்தார்.

"தம்பி, மேல என்ன, தையல் மெஷின் ஏதும் வாங்கிட்டீரோ?"

"இல்லை அண்ணே, பாட்டு."

"பாட்டோ? நான் நினைச்சன் ஓவர்லொக் அடிக்கிறீர் எண்டு."

ஸ்பீக்கரில் பாஸ் வராமல் ஆமென் மட்டும் கேட்டால் அப்படித்தான் இருக்கும், அவரைக் குறை சொல்ல முடியாது. ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டி பாஸோடு கேட்கவைத்தேன். "அடியில ரெகே மாதிரி ஒண்டு போகுது" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார்.

ஹெட்ஃபோன் என்றதும் ஞாபகம் வருகிறது: இதில் இருப்பது 3.5 மில்லிமீட்டர் துளை மட்டும். டிஜே ஹெட்ஃபோன்களோடு பெரிய முனையும் ஒன்று வரும், அதற்கு இங்கே இடமில்லை. பெரிய துளை உறுதியானது. இழுபடுகிற வேலைக்கு அதுதான் சரி. ஒலி வெளியே போவதற்கு ஆர்சிஏ ஜோடி ஒன்று, அவ்வளவுதான். டிஜே நிற்குமிடத்தில் வைக்கும் ஸ்பீக்கருக்கென்று தனி வழி கிடையாது. மைக் ஒன்று சொருகலாம். எம்சி, அதாவது பாட்டின்மேல் மைக்கில் பேசிப் பாடுகிறவர், இல்லாத ஜங்கிள் அரை ஜங்கிள் என்பார்கள், அதனால் மைக் இருப்பது சந்தோஷம். உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக். தோள்பையில் போட்டுத் தூக்கிப்போக லேசாக இருக்கிறது, ஆனால் மேலே கனமான எதையும் வைக்காதீர்கள்.

மென்பொருளில் எது? இந்தப் பெட்டியை இணைத்திருக்கும்வரை ரெக்கார்ட்பாக்ஸின் பெர்ஃபார்மன்ஸ் முறை, அதாவது பாட்டு கலக்கும் பகுதி, இலவசமாகத் திறந்திருக்கும். மாதச் சந்தா இல்லாமலே கற்றுக்கொள்ள முடிகிறது என்பது இந்த விலையில் பெரிய விஷயம். செராட்டோ லைட் பார்க்க அழகு, எளிமை. ஆனால் போகப்போக ப்ரோவுக்குக் காசு கட்டு என்று அடிக்கடி நினைவுபடுத்தும். நான் ரெக்கார்ட்பாக்ஸில் நின்றதற்கு இன்னொரு காரணம், கிளப்களில் பெரும்பாலும் இருப்பது பயனியரின் சிடிஜேக்கள், கணினி இல்லாமலே பாட்டு ஓட்டும் கருவிகள். வீட்டில் வைத்த ஹாட் க்யூ, கிரிட் எல்லாவற்றையும் ரெக்கார்ட்பாக்ஸிலிருந்து யுஎஸ்பி குச்சியில் ஏற்றி அங்கே சொருகினால் அப்படியே வரும். எஃப்எல்எக்ஸ்4-இல் நேராக யுஎஸ்பி குச்சி சொருகிப் பாட்டு போட முடியாது, அதை எதிர்பார்க்காதீர்கள். கணினியோ மொபைலோ கூடவே வேண்டும்.

காசு விஷயம் பேசலாம். இரண்டு 1210, ஒரு மிக்ஸர், ஊசிகள் என்று பழையதாக வாங்கினாலும் ஆயிரம் பவுண்டைத் தாண்டும், அதற்குமேல் ரெக்கார்டுகள். பழைய ஜங்கிள் தட்டுகளில் சிலவற்றைத் தொட்டாலே கை சுடும். இந்தப் பெட்டியால் மிச்சமான பணத்தை நான் பாட்டில் போட்டேன். ஜங்கிள் பெரும்பாலும் சின்ன லேபிள்களின் இசை. பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் தேடினால் பழைய பாட்டின் மறுவெளியீடும் கிடைக்கும், இன்று செய்கிறவர்களின் பாட்டும் கிடைக்கும். டிம் ரீப்பரின் ஃப்யூச்சர் ரெட்ரோ லண்டன் லேபிளிலிருந்து தொடங்கலாம். புதிய ஜங்கிள், பழைய மணம். கணினியில் செய்தது என்பதால் கிரிட்டும் ஒழுங்காக உட்காரும். ஆரம்பிக்கிறவர் முதலில் இவற்றை வைத்துப் பழகிவிட்டு, 93, 94-க்கு மெல்லப் பின்னோக்கிப் போவது நல்லது. வாங்கும்போது ஒலியைச் சுருக்காத வேவ் ஃபைலாக வாங்குங்கள். யூடியூபிலிருந்து இறக்கிய பாட்டில் பாஸ் சப்பென்று இருக்கும், பெரிய ஸ்பீக்கரில் காட்டிக்கொடுத்துவிடும். பாட்டு செய்தவனுக்கு ஒரு பவுண்டு போனால் போகட்டும். கோல்மன் கதைதான் தெரியுமே.

நிறைய வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். முப்பது நாற்பது பாட்டு போதும், ஒவ்வொன்றும் எங்கே மூச்சு விடும் என்று மனப்பாடமாகத் தெரிய வேண்டும். கேட்டுப் பழகுவதற்கு, 1991-இல் ஹாக்னியில் உரிமம் இல்லாத வானொலியாகத் தொடங்கிய கூல் எஃப்எம்மின் பழைய பதிவுகள் கிடைக்கும். எம்சி குரலும் இரைச்சலும் விளம்பரமுமாக ஒரு தனி உலகம். கெமிஸ்ட்ரி, ஸ்டார்ம் இருவரின் மிக்ஸ்களையும் தேடிக் கேளுங்கள். 1994-இல் கோல்டி என்ற இசைக்கலைஞரோடு சேர்ந்து மெட்டல்ஹெட்ஸ் லேபிளைத் தொடங்கிய பெண்கள். கோல்டியை இந்த இசைக்குக் கூட்டிவந்ததே அவர்கள்தான் என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கெமிஸ்ட்ரி 1999-இல் சாலை விபத்தில் இறந்தார்.

போட்டிப் பெட்டிகளில் நுமார்க் மிக்ஸ்ட்ராக் ப்ரோ எஃப்எக்ஸை ஒரு நண்பர் வீட்டில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஜாக் வீல் பெரிது, முக்கியமாக வேக ஸ்லைடர் நீளம். காதால் பீட் சேர்ப்பதே லட்சியம் என்றால், கிளப் பற்றி நினைப்பே இல்லை என்றால், அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் அது செராட்டோ பக்கம் சாய்ந்தது. ரெக்கார்ட்பாக்ஸ், சிடிஜே என்று போக நினைப்பவருக்கு எஃப்எல்எக்ஸ்4. இதற்கு முந்தைய டிடிஜே-400 பழையதாக நல்ல விலைக்குக் கிடைத்தால் அதுவும் தப்பில்லை. ஸ்மார்ட் சமாசாரங்கள் அதில் இல்லை, நமக்கு அவை வேண்டவும் வேண்டாம். வாங்குமுன் ஃபேடர்களை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள், ஒலி விட்டு விட்டு வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலு. அரை மதிப்பெண் ஸ்லைடருக்காகக் குறைத்தேன், அரை அந்த 3.5 துளைக்காக. சிங்க், ஸ்மார்ட் ஃபேடர் இரண்டுக்கும் மதிப்பெண் போடவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றே.

ஒரு எச்சரிக்கை மட்டும். இல்ஃபோர்டு, ஹாரோ பக்கம் மண்டபங்களில் கல்யாணத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் பாட்டு போட்டு இதில் காசு பார்க்கலாம் என்று யாராவது நினைத்தால், இந்தப் பெட்டி வேண்டாம். அங்கே மாமா ஒருவர் ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் இரண்டாவது மைக் கேட்பார், மண்டபத்து ஸ்பீக்கர் எக்ஸ்எல்ஆர் என்ற மேடை ஒலி வயர் கேட்கும். இரண்டும் இதில் கிடையாது.